ஆண்டறிக்கை: சேத் தெய்வமும் அவன் பெயரால் எழுந்த ரத்தக்காட்டேரிக் குலமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வாசகர் வட்டத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டின் செயல்பாட்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அடிமுதல் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இளைய உறுப்பினர்கள் முன்மொழிந்த பொருள், 'வேம்பயர்: தி மாஸ்குரேட்' என்ற விளையாட்டில் வரும் ஒரு ரத்தக்காட்டேரிக் குலத்தின் வரலாறு. எகிப்தின் சேத் தெய்வத்தைத் தங்கள் மூதாதையாக வணங்கும் குலம் அது. வாசகர் வட்டத்துக்கும் காட்டேரிக்கும் என்ன தொடர்பு என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். கேட்டவர்களே கடைசிக் கூட்டம் வரை தவறாமல் வந்தார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1991-இல் அமெரிக்காவின் வொயிட் உல்ஃப் நிறுவனம் இதை வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மேசையைச் சுற்றி அமர்ந்த மற்றவர்கள் காட்டேரிப் பாத்திரங்களை ஏற்றுப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். இந்தக் கற்பனை உலகில் காட்டேரிகள் பதின்மூன்று குலத்தவர். தம்பியைக் கொன்றதற்காகச் சபிக்கப்பட்ட, விவிலியத்துக் காயீனின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். 'சேத்தைப் பின்பற்றுவோர்' குலம் மட்டும் அந்த வம்சாவளியை ஏற்பதில்லை. தங்கள் மூதாதை கடவுள், எவருடைய பேரனும் அல்லன் என்பது அவர்கள் வாதம். எகிப்தியப் புராணத்தில் சேத் தன் அண்ணன் ஓசிரிசைக் கொல்கிறான்; ஓசிரிசின் மனைவி ஐசிசும் மகன் ஹோரசும் அவனை எதிர்க்கிறார்கள். ஓசிரிசுக்கும் சேத்துக்கும் நடந்த அந்தப் போரைக் காட்டேரிகளின் போராகவும், ஐசிசும் ஹோரசும் மம்மிகளை எழுப்பி எதிர்த்ததாகவும் குலக்கதை சொல்கிறது. மறைந்துபோன சேத் திரும்பி வரும் நாளுக்காக அவனுடைய பூசாரிகள் காத்திருக்கிறார்கள். மனிதர்களின் பலவீனத்தைக் கண்டுபிடித்து, கேட்டதையெல்லாம் கொடுத்துக் கெடுப்பது அவர்கள் தொழில். 2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் குலத்தின் பெயர் 'மினிஸ்ட்ரி' என்று மாறியது.

முதல் சில கூட்டங்கள் இந்தக் கதையைத் தொகுத்துக்கொள்வதிலேயே கழிந்தன. அதன் பிறகுதான் எகிப்துக்குள் நுழைந்தோம். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும். உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும்.

சேத் பாலைநிலத்தின் தெய்வம். புயலும் இடியும் அயல்நாடுகளும் அவனுக்கு உரியவை. மேல் எகிப்தில் நக்காடாவை ஒட்டிய ஓம்போஸ் அவன் தொன்மையான தலம். நீண்டு வளைந்த மூக்கும், நுனி சதுரமாக வெட்டியது போன்ற காதுகளும், பிளவுபட்ட வாலும் கொண்ட ஒரு விலங்கு அவன் அடையாளம். அது எந்த விலங்கு என்று இன்றுவரை எவராலும் உறுதிப்படுத்த முடியவில்லை. எகிப்திய அரசர்கள் தங்கள் பெயரைப் பொறிக்கும் சட்டத்தின் மேல் ஹோரசின் பருந்தை அமர்த்துவது வழக்கம். இரண்டாம் அரசமரபின் பெரிப்சென் அந்த இடத்தில் சேத்தின் விலங்கை அமர்த்தினான். அதே மரபின் காசெகெம்வி இரண்டையும் சேர்த்தே அமர்த்தினான். அரசாட்சிக்கு இருவரும் வேண்டும் என்று அன்றைய எகிப்து கருதியிருக்கிறது.

கூட்டங்களில் மிக நீண்ட விவாதம் நடந்தது சூரியப் படகைப் பற்றித்தான். ஒவ்வோர் இரவும் சூரியதேவன் ரா பாதாளத்தின் வழியே படகில் பயணம் செய்கிறான். அபோபிஸ் என்ற மாபெரும் பாம்பு அந்தப் படகை விழுங்கக் காத்திருக்கிறது. படகின் முகப்பில் நின்று அதை ஈட்டியால் குத்துபவன் சேத். மற்றத் தெய்வங்களால் எதிர்கொள்ள முடியாத பாம்பை அவன் ஒருவனே எதிர்கொள்கிறான். இருபதாம் அரசமரபின் காலத்துப் பாப்பிரஸ் (நாணல்தாள்) சுருள் ஒன்றில் ஹோரசும் சேத்தும் அரியணைக்காக எண்பது ஆண்டுகள் வழக்காடுகிறார்கள். அங்கே சேத் முன்வைக்கும் வாதமும் இதுவே: ராவின் பகைவனைத் தினந்தோறும் கொல்பவன் நான், வேறு எந்தத் தெய்வத்தாலும் அது ஆகாது. வழக்கில் அவன் தோற்கிறான். ஆனாலும் ரா அவனைத் தன் மகனைப் போல அருகில் வைத்துக்கொள்கிறான். வானத்தில் இடியாக முழங்கும் உரிமை அவனுக்குக் கிடைக்கிறது.

இப்போது விளையாட்டின் குலத்தைப் பாருங்கள். அதன் தனிச்சிறப்பான ஆற்றல்கள் எல்லாம் பாம்பின் ஆற்றல்கள். பாம்பின் கண்ணால் மயக்குகிறார்கள், பாம்பின் நாவால் தீண்டுகிறார்கள், பாம்பாகவே உருமாறுகிறார்கள். பிற குலத்தவரைவிடச் சூரிய ஒளியில் இவர்களுக்கு நேரும் சேதம் அதிகம். பளிச்சென்ற விளக்கொளியே இவர்களைத் தடுமாற வைக்கும். பாம்பைக் கொன்று சூரியனைக் காத்தவனின் சந்ததிக்குப் பாம்பின் உடலும் சூரியனின் பகையும் வாய்த்திருக்கின்றன. கற்பனைக்கு உரிமை உண்டு என்று ஓர் இளைய உறுப்பினர் வாதிட்டார், அதை மறுக்கவில்லை. ஆயினும் சேத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியின் கடைசிக் கண்ணியாகத்தான் இந்தக் குலக்கதை எனக்குப் படுகிறது. அந்த அநீதி விளையாட்டை எழுதியவர்களால் தொடங்கியதல்ல.

கி.மு. 17ஆம் நூற்றாண்டில் நைல் டெல்டாப் பகுதியை ஆண்ட, மேற்காசிய வழிவந்த ஹிக்சோஸ் அரசர்கள் அவாரிஸ் நகரில் சேத்தைத் தங்கள் புயல் தெய்வமான பாஆலோடு ஒன்றாகக் கருதி வணங்கினார்கள். அவர்கள் விரட்டப்பட்ட பிறகும் அவன் மதிப்பு குறைந்துவிடவில்லை. பத்தொன்பதாம் அரசமரபில் சேத்தி என்ற பெயரிலேயே மன்னர்கள் இருந்தார்கள். இரண்டாம் ராம்சேஸ் காதேஷ் போருக்கு அழைத்துச்சென்ற நான்கு படைப்பிரிவுகளில் ஒன்று சேத்தின் பெயரைத் தாங்கியது. அதே காலத்தில் தயக்கமும் தெரிகிறது. முதலாம் சேத்தி, ஓசிரிசின் தலமான அபிடோசில் எழுப்பிய கோயிலில் தன் பெயரை எழுதும்போது, சேத்தின் உருவத்தை விட்டுவிட்டு வேறு குறியைப் பொறிக்க வைத்தான். கொலையுண்டவனின் வீட்டில் கொன்றவனின் உருவம் வேண்டாம் என்று நினைத்திருப்பான்.

வீழ்ச்சி பின்னர் வந்தது. கி.மு. 663-இல் அசிரியர்கள் தீப்ஸ் நகரைச் சூறையாடினார்கள். கி.மு. 525-இல் பாரசீகர்கள் நாட்டையே பிடித்தார்கள். அயல்நாடுகளின் தெய்வமாக இருந்த சேத், படையெடுத்து வந்தவர்களின் தெய்வமாகப் பார்க்கப்பட்டான். அவன் உருவங்கள் சிதைக்கப்பட்டன. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிலையில் அவன் தலையைச் செதுக்கி, ஆட்டுக்கொம்புகள் வைத்த வேறொரு தெய்வமாக மாற்றியிருக்கிறார்கள். கி.மு. 237-இல் தொடங்கிக் கட்டப்பட்ட எட்ஃபூ கோயிலின் சுவர்களில் அவன் ஒரு நீர்யானை; ஹோரஸ் அவனை ஈட்டிகளால் குத்திக்கொண்டே இருக்கிறான். கிரேக்கர்கள் அவனை டைஃபோன் என்ற அரக்கனோடு சேர்த்தார்கள். மேற்குலகம் அறிந்த சேத் இவன்தான். எல்லோரும் கைவிட்ட காலத்திலும் மேற்குப் பாலைவனச் சோலைகளில் அவனுக்கு வழிபாடு தொடர்ந்தது. கார்கா சோலையின் ஹிபிஸ் கோயிலில், பாரசீகர் ஆட்சிக்காலத்துச் சிற்பத்தில், பருந்துத் தலையும் சிறகுகளுமாக நின்று அவன் பாம்பைக் குத்துகிறான். அந்தச் சிற்பத்தின் படத்தை நமது வட்டத்தின் சுவரில் மாட்ட வேண்டும் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

பண்டைய எகிப்தின் மதத்தில் ரத்தக்காட்டேரி கிடையாது. அந்த நம்பிக்கை கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களுக்கு உரியது. 1725, 1732 ஆண்டுகளில் செர்பியக் கிராமங்களிலிருந்து ஆஸ்திரிய அதிகாரிகள் அனுப்பிய அறிக்கைகளால் ஐரோப்பா எங்கும் பரவியது. ரத்தத்துக்கு வெறிகொண்ட தெய்வம் எகிப்தில் உண்டு என்றால் அது சிங்கமுக செக்மெத். மனிதகுலத்தை அழிக்கத் தொடங்கியவளை நிறுத்த, ஏழாயிரம் குடம் பீரைச் சிவப்பாக்கி வயலில் ஊற்றினார்கள். ரத்தம் என்று எண்ணிக் குடித்து அவள் மயங்கினாள். இறந்தவர்களுக்கும் அங்கே பசி உண்டு. ஆயிரம் ரொட்டியும் ஆயிரம் குடம் பீரும் கிடைக்கட்டும் என்று கல்லறைச் சுவர்கள் வேண்டுகின்றன.

இதயம் பற்றிய கூட்டம் தனியாகக் குறிப்பிடத் தக்கது. இந்தக் குலத்தவர் தங்கள் இதயத்தை உடலிலிருந்து எடுத்து ஒளித்துவைக்க வல்லவர்கள். எகிப்தியர்கள் செய்தது நேர்மாறானது. நுரையீரலையும் கல்லீரலையும் குடலையும் வயிற்றையும் எடுத்து ஜாடிகளில் வைத்தவர்கள், இதயத்தை உடலிலேயே விட்டார்கள். இறந்தபின் நடக்கும் தீர்ப்பில், உண்மையின் இறகுக்கு எதிரே தராசில் வைக்கப்படுவது அதுதான். இதயத்தை ஒளித்தவன் தராசுக்கே வரமாட்டான். விளையாட்டை எழுதியவர்கள் எகிப்தின் மதத்தைக் கூர்ந்து படித்திருக்கிறார்கள் என்பதை நான் மனமார ஒப்புக்கொண்ட இடம் இது.

நிர்வாகச் செய்திகள் சில. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்களுக்கு அறை தந்த நூலகத்துக்கும், படங்களைத் திரையிட உதவிய உறுப்பினர்களுக்கும், ஒவ்வொரு முறையும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் செயற்குழுவின் நன்றி. சந்தா நிலுவை வைத்திருப்பவர்கள் இன்றே செலுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு முன்மொழிவுகள். வரும் ஆண்டில் செக்மெத்தின் கதையையும், முதலாம் சேத்தியின் கல்லறையில் அது பொறிக்கப்பட்ட பின்னணியையும் எடுத்துக்கொள்ளலாம். இளைய உறுப்பினர்கள் சேத்தைப் படகின் முகப்பில் நிறுத்தி ஒரு குலக்கதையைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதை அச்சிட நூல்நிதியிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். இவற்றையும் இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்