சதுரங்க மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டின் அறிக்கையைப் படைக்கிறேன். செயற்குழு வழக்கம்போல் கூடியது, வழக்கம்போல் தாமதமாகத் தொடங்கியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நம் உள்போட்டிகளின் முடிவுகள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. வென்றவர்களுக்கு அவை மனப்பாடம். தோற்றவர்களுக்கு நான் நினைவூட்டப்போவதில்லை.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். பழைய உலகப் பட்டப் போட்டிகளை வரிசையாக எடுத்து, ஆட்டம் ஆட்டமாகப் பலகையில் வைத்துப் பேசுவது என்று. மாதம் ஒரு போட்டி என்று கணக்குப் போட்டவன் நான்தான். மிகைல் டாலும் மிகைல் போட்வின்னிக்கும் 1960இல் மாஸ்கோவில் மோதிய போட்டியை முதலில் எடுத்தோம். அதையும், அடுத்த ஆண்டு நடந்த மறுபோட்டியையும் முடிப்பதற்குள் நம் ஆண்டே முடிந்துவிட்டது.

காரணம் உங்களுக்குத் தெரியும். இரண்டாவது வாரமே மன்றம் இரண்டாகப் பிரிந்து உட்கார ஆரம்பித்தது. சன்னல் பக்கம் டால் கட்சி, அலமாரிப் பக்கம் போட்வின்னிக் கட்சி. டாலுக்கு அப்போது வயது 23, கிடைத்த காயையெல்லாம் பலி கொடுத்துத் தாக்குகிறவர். போட்வின்னிக்குக்கு 48, 1948 முதல் பட்டம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. தொழிலால் மின்பொறியாளர், ஆட்டத்தையும் ஆய்வுக்கூட வேலைபோலத் தயாரித்துக்கொண்டு வருவார். செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் அலமாரிப் பக்கம் உட்கார்ந்தது மின்விசிறிக்காக மட்டுமல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதிக நாள் எடுத்துக்கொண்டது 6ஆவது ஆட்டம். டால் கறுப்பு, கிங்ஸ் இந்தியன் தற்காப்பு என்ற தொடக்க முறை. 21ஆவது நகர்த்தலில் குதிரையைக் கொண்டுபோய் எஃப்4 கட்டத்தில் வைத்தார். சிப்பாய் வெட்டிவிடும் என்று தெரிந்தே வைத்தார். அன்றைக்கு அரங்கத்தில் எழுந்த சலசலப்பில் ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நம் மன்றத்தில் மாற்ற உள்ளறை இல்லாததால் சலசலப்பு அப்படியே தொடர்ந்தது.

நம் இளைய உறுப்பினர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து, அந்தக் குதிரைப் பலி செல்லாது என்று நிரூபித்தார். அவர் சொன்னது சரிதான். 25ஆவது நகர்த்தலில் போட்வின்னிக் யானையால் ராணியை வெட்டாமல், எஃப்3இல் நின்ற சிப்பாயை பிஷப்பால் வெட்டியிருந்தால் வெள்ளைக்கே மேல்கை. கணினி இல்லாத காலத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சன்னல் பக்கத்து மூத்த உறுப்பினர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி தம்பி, அன்னிக்கு அந்த நாற்காலியில் உன் பெட்டியா உட்கார்ந்திருந்தது?” என்றார். பதில் வரவில்லை. அடுத்த வாரம் பாதிப் பேர் சன்னல் பக்கம் போய்விட்டார்கள்.

அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது 9ஆவது ஆட்டம். காரோ-கான் தற்காப்பு, டால் வெள்ளை. இங்கேயும் ஒரு குதிரையை இ6 கட்டத்தில் பலி கொடுத்தார். போட்வின்னிக் பதறவில்லை, கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு, தாக்குதலை ஒவ்வொன்றாக முறித்து ஜெயித்தார். வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி. 8, 9 என்று அடுத்தடுத்து வென்றதில் 5-2 என்றிருந்த கணக்கு 5-4 ஆனது. 6ஆவது ஆட்டத்தை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை என்பது அலமாரிப் பக்கத்தின் நெடுநாள் குறை. குறிப்பேட்டிலும் ஏற்றியிருக்கிறேன்.

ஆனால் எங்களுக்கும் அடி விழுந்தது. 11ஆவது ஆட்டத்தை ஆடியவர் பெயரைச் சொல்லாமல் பலகையில் வைத்தார் ஓர் உறுப்பினர். ராஜா சிப்பாயைத் தள்ளாமல் குதிரையை எடுத்து ஆரம்பித்து, பலி கிலி எதுவும் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடித்து வெள்ளை ஜெயிக்கிறது. “இதுதான் எங்கள் ஆள்” என்று நாங்கள் நான்கைந்து பேர் ஒரே குரலில் சொன்னோம். வெள்ளை ஆடியவர் டால். அந்த அமர்வு சீக்கிரம் முடிந்தது.

17ஆவது ஆட்டம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் காலத்துக் கணக்கு, 40 நகர்த்தலுக்கு இரண்டரை மணி நேரம். நல்ல நிலைமையில் இருந்த போட்வின்னிக், 40ஐ எட்டுவதற்குச் சற்று முன்னால் நேர நெருக்கடியில் தவறி, கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டார். என் முடிவை மாற்றியது இந்த ஆட்டம்தான். பலி செல்லுமா செல்லாதா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோம். டால் எதிராளியிடமிருந்து வாங்கியது காயை அல்ல, நேரத்தை. ஒவ்வொரு நகர்த்தலிலும் புதிதாக ஒரு சிக்கலைக் கொடுத்தால், சரியான பதிலைக் கண்டுபிடிக்கவே கடிகாரம் ஓடிவிடும். வீட்டில் உட்கார்ந்து இரவெல்லாம் ஆராய்ந்தால் அவர் பலிகளில் சில பொய்த்துப்போகும். அதை அவரும் அறியாதவர் அல்ல. போட்டி 21 ஆட்டங்களில் முடிந்தது: டாலுக்கு 12½, போட்வின்னிக்குக்கு 8½.

அந்த நாளில் தோற்ற சாம்பியனுக்கு மறுபோட்டி உரிமை இருந்தது. 1961இல் அதே மாஸ்கோ. போட்வின்னிக் ஓராண்டு முழுவதும் டாலைப் படித்திருந்தார். ராணிகளைச் சீக்கிரம் மாற்றிவிடுவது, டாலுக்குப் பிடிக்காத அமைதியான இறுதிக்கட்டத்துக்கு இழுப்பது, அன்றைக்கு முடியாமல் ஒத்திவைத்த ஆட்டங்களை நன்றாக ஆராய்ந்துவிட்டு வருவது. 13-8 என்று பட்டத்தைத் திரும்ப வாங்கினார். டால் சிறுநீரகக் கோளாறோடு ஆடினார் என்பதைச் சன்னல் பக்கம் சொல்லாமல் விட்டதில்லை, நியாயமும்கூட.

இந்த இடத்தில் ஓய்வுபெற்ற கணக்காசிரியையான நம் உறுப்பினர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். 1960இல் 21 ஆட்டங்களில் டிரா எத்தனை? பதின்மூன்று. 1961இல்? ஆறு. டால் ஆறு வென்று இரண்டு தோற்றுப் பட்டம் வாங்கினார். போட்வின்னிக் பத்து வென்று ஐந்து தோற்றுத் திரும்ப வாங்கினார். “எச்சரிக்கைக்காரர் ஜெயித்த வருஷத்தில்தானே ரத்தம் அதிகம்?” என்றார் அம்மா. இரு கட்சிகளும் சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ஆண்டில் நாம் பேசியவற்றில் இதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து. தலைவருக்கு வேறு கருத்து இருக்கலாம்.

இனி நிர்வாகம். விளக்கப் பலகையின் காந்தக் காய்களில் வெள்ளை யானை ஒன்று ஏழு மாதமாகக் காணவில்லை. அதன் இடத்தில் பொத்தான் ஒன்று ஆடிவருகிறது. எடுத்துச் சென்றவர் கேள்வி கேட்கப்படாமல் திருப்பித் தரலாம். இரவல் போன புத்தகங்களுக்கும் இதே சலுகை உண்டு. அமர்வுக் குறிப்புகள் ஒருபக்கச் சார்போடு எழுதப்படுகின்றன என்று சன்னல் பக்கம் எழுத்துமூலம் புகார் கொடுத்தது. செயற்குழு அதை ஏற்றது, நானும் ஏற்கிறேன். வரும் ஆண்டு குறிப்பேடு அவர்கள் கைக்குப் போகிறது.

அடுத்து எடுக்க வேண்டிய போட்டிக்கு வாக்கெடுப்பு நடந்தது. 1984 செப்டம்பரில் தொடங்கிய கார்ப்போவ், காஸ்பரோவ் போட்டி வென்றது. மொத்தம் 48 ஆட்டங்கள், அவற்றில் 40 டிரா. ஓராண்டில் முடிப்பீர்களா என்று பொருளாளர் கேட்டார். அந்தப் போட்டியையே முடிக்க முடியாமல் 1985 பிப்ரவரியில் நிறுத்தினார்கள் என்பதைப் பணிவுடன் நினைவூட்டினேன்.

முதல் அமர்வுக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டிருக்கிறார். மின்விசிறிக்கு அடியில் ஒரு நாற்காலியை மட்டும் எனக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டு, அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்