கெர்னலை விட்டுவிட்டு லைப்ரரியை மட்டும் மாற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மென்பொருள் பிரிவினருக்கு,

வணக்கம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நீங்கள் பொருத்தியிருக்கும் எடைப்பெட்டிகளை, அதாவது பழத்தின் எடையைப் பதிந்துவைக்கும் சிறு கணினிகளைப் பற்றி எழுதுகிறேன். வெள்ளி இரவு நீங்கள் அனுப்பிய அப்டேட்டுக்குப் பிறகு, சனிக்கிழமை பட்டுவாடா நேரத்தில் பெட்டி எழவே இல்லை. எந்தச் சனிக்கிழமை என்று உங்களுக்கே தெரியும். புகார் எண்ணும் உங்களிடம் இருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான்: முதலில் கெர்னல் (கணினியின் அடியில் ஓடி எல்லாவற்றையும் இயக்கும் மென்பொருள்), பிறகு லைப்ரரி (எல்லா நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் மென்பொருள் தொகுப்பு). இந்த வரிசையை மீறி இனி எந்த அப்டேட்டும் மலைக்கு அனுப்பாதீர்கள்.

நான் இங்கே ஒரு எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுபவன். சேலத்தில் கணிப்பொறி படித்துவிட்டு அப்பா பார்த்த வேலைக்கே வந்தவன். ஆகவே "சார், டெக்னிக்கல் இஷ்யூ, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று உங்கள் உதவி மையம் சொன்னபோது, சீரியல் கேபிளைச் செருகித் திரையில் என்ன வருகிறது என்று பார்த்தேன். ஒரே வரி: ‘ஃபேட்டல்: கெர்னல் டூ ஓல்ட்’, அதாவது கெர்னல் மிகப் பழையது. அது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வேறெதுவும் இல்லை.

பெட்டியில் முன்பு இருந்தது லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான டெபியனின் 8-ஆம் பதிப்பு, அதனுடன் வந்த ஜிலிப்சி (glibc) 2.19. நான் லைப்ரரி என்று சொல்வது இந்த ஜிலிப்சியைத்தான். கீழே ஓடுவது, பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையை (போர்டை) விற்றவர் கொடுத்த 3.0 கெர்னல். பழசோ புதுசோ, இரண்டும் ஒத்துப்போயின. அந்த லைப்ரரிக்கு 2.6.32 கெர்னலே போதும். வெள்ளி இரவு நீங்கள் டெபியன் 11-ஐ ஏற்றினீர்கள். அதில் இருப்பது ஜிலிப்சி 2.31. அதற்குக் குறைந்தது 3.2 கெர்னல் வேண்டும். கெர்னலைத் தொடவே இல்லை. லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் தொடங்கும்போது இந்த லைப்ரரியைத்தான் முதலில் கூப்பிடுகின்றன. அது கெர்னலின் பதிப்பு எண்ணைப் பார்க்கிறது, பழையது என்றால் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நிரலை நிறுத்திவிடுகிறது. எடை நிரல் மட்டுமல்ல, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’கூட ஓடாது. உள்ளே நுழைந்து சரிசெய்ய ஒரு கட்டளையும் மிச்சமில்லை. நினைவகமும் போர்டிலேயே பற்றவைத்தது, கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்க்க வழியில்லை.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. டெபியனின் லைப்ரரிப் பொட்டலத்தை (நிறுவுவதற்கென்றே கட்டிவரும் பேக்கேஜ்) முறைப்படி நிறுவினால், அது உள்ளே வரும் முன்பே கெர்னல் பதிப்பைச் சோதிக்கிறது. 3.2-க்குக் கீழே என்றால் ‘முதலில் கெர்னலை மாற்றுங்கள்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. அந்தச் சோதனையை எழுதியவர்கள் உங்கள் பெட்டியைப் பார்த்தவர்கள்கூட இல்லை. நீங்கள் பொட்டலத்தை நிறுவாமல், கோப்புகளை மொத்தமாகச் சுருட்டி அனுப்பிப் பழையவற்றின் மேல் விரித்துவிட்டீர்கள். வாசலில் நின்று கேள்வி கேட்டிருக்க வேண்டியவருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

சரி, மலையில் என்ன நடந்தது? அறுவடைக் காலம். பழம் எடுப்பவர்களுக்குக் கூலி கிலோ கணக்கில்தான். தினமும் சாயங்காலம் மூட்டையைத் தராசில் வைத்தால் எடை நேராகப் பெட்டிக்குப் போகும், சனிக்கிழமை மதியம் ஆளுக்கு எவ்வளவு கூலி என்ற பட்டியலான செக்ரோல் அச்சாகி வரும், பட்டுவாடா நடக்கும். நோட்டுப் புத்தகம் இனி வேண்டாம் என்று பெட்டியை விற்கும்போது சொன்னதும் நீங்கள்தான். அன்றைக்கு மதியம் தராசுக் கொட்டகை வாசலில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கு எத்தனை கிலோ என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மேஸ்திரிக்கு நினைவிருந்தது கொஞ்சம், எடுத்தவர்களுக்கு நினைவிருந்தது கொஞ்சம், இரண்டும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் எல்லோருக்கும் ஒரே தொகையை முன்பணமாகக் கொடுத்தோம். குறைவாக எடுத்தவர்கள் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். நிறைய எடுத்தவர்கள்தான் கேட்டார்கள். வயதான அம்மா ஒருவர், வேகமாகப் பழம் எடுப்பதில் எங்கள் தோட்டத்தில் பெயர் வாங்கியவர், "பெட்டி சொல்லலைன்னா என் கை எடுத்தது இல்லைன்னு ஆயிடுமா ரைட்டரே?" என்றார். அவருக்கு ஜிலிப்சி பற்றி நான் என்ன சொல்ல? வாக்குவாதம் முடிவதற்குள் நாகலூர்ப் பக்கம் போகும் பஸ்ஸும் போய்விட்டது. அரிசி, பருப்பு வாங்க வந்தவர்கள் வெறும் பையோடு நடந்தார்கள். உங்கள் பொறியாளர் மலையேறி வந்தது திங்கட்கிழமை.

வந்தவர் மரியாதையானவர், அவர்மேல் குறை இல்லை. ஆனால் அவர் மூலம் நீங்கள் சொல்லி அனுப்பிய ‘தற்காலிகத் தீர்வு’ இருக்கிறதே: கெர்னல் தன்னை 3.2 என்று சொல்லிக்கொள்ளும்படி பதிப்பு எண்ணை மாற்றிவிடுவது! எண் மாறினால் கெர்னலுக்குள் இல்லாத வசதி வந்துவிடுமா? 3.2-க்கு முந்திய கெர்னல்களுக்கான மாற்றுவழிகளை எடுத்துவிட்டுத்தான் இந்த லைப்ரரியைக் கட்டியிருக்கிறார்கள். தொடங்கும்போது நிற்க வேண்டிய நிரல் பாதி எடையில் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய லைப்ரரியைத் திரும்பப் போட்ட பிறகே பெட்டி எழுந்தது.

உங்கள் கடிதத்தில் இதைப் ‘பாதுகாப்பு அப்டேட்’ என்று எழுதியிருந்தீர்கள். 3.0 வரிசைக்குக் கெர்னல் குழு 2013 அக்டோபரிலேயே முழுக்குப் போட்டுவிட்டது. அதன் பிறகு 2016-இல் ‘டர்ட்டி கவ்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. 2007-இலிருந்தே கெர்னலுக்குள் இருந்துவந்த ஓட்டை அது. திருத்தம் போடாத 3.0-வில் இன்றும் திறந்தே கிடக்கும். கூரையை மாற்றினீர்கள், அஸ்திவாரத்தில் எலி வளை அப்படியே இருக்கிறது. இதற்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வேறு!

புதிய கெர்னல் இந்தப் போர்டுக்குத் தயாரில்லை என்கிறீர்கள். பெட்டிக்குள் இருப்பது ஐ.எம்.எக்ஸ் 6 சிப். பொதுவான லினக்ஸ் கெர்னலிலேயே அதற்குப் பல ஆண்டுகளாக ஆதரவு இருக்கிறது. தராசைக் கெர்னலோடு பேசவைக்கும் உங்கள் டிரைவர் நிரலை அதற்கு மாற்றி எழுத ஆள் போடவில்லை என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். போர்டு விற்றவர் ஒரு கெர்னலைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிறார், நீங்கள் அவரைக் காட்டுகிறீர்கள், மலையில் சிக்னல் சரியில்லை என்று சிம் கார்டையும் காட்டுகிறீர்கள். காப்பி விலையில் தொடங்கி மழை வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கப் பழகியவர்கள் நாங்கள். இந்தக் கெர்னலையும் எங்கள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதிய கெர்னலில் பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதி. அதனால் கெர்னலை முதலில் மாற்றி, பழைய லைப்ரரியுடன் சில வாரம் ஓட்டிப் பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. அது நிலைத்த பிறகு லைப்ரரி வரட்டும். அப்போதும் பழைய கெர்னல்-லைப்ரரி ஜோடி நினைவகத்தின் இன்னொரு தனிப் பகுதியில் (பார்ட்டிஷனில்) அப்படியே இருக்க வேண்டும், புதியது எழாவிட்டால் பெட்டி தானாக அதற்குத் திரும்ப வேண்டும். அப்டேட் நிரல் முதலில் கெர்னல் பதிப்பைப் பார்க்கட்டும், பொருந்தாவிட்டால் எதையும் தொடாமல் நிற்கட்டும். அப்புறம், தயவுசெய்து, வெள்ளிக்கிழமை இரவு வேண்டாம். பட்டுவாடா முடிந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள்.

புதிய கெர்னல் எப்போது வரும் என்ற தேதியை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் வேண்டாம். அது வரும்வரை எங்கள் பெட்டிகளுக்கான அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். தராசுக் கொட்டகையில் நோட்டுப் புத்தகம் மறுபடி திறந்தாகிவிட்டது. அதற்கான செலவை இந்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏற்காட்டு எஸ்டேட் ரைட்டர் ஒருவர்