சனிக்கிழமை மாலை சர்வரை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்ணடி, ராயபுரம் பகுதிகளில் உள்ள சிறு அலுவலகங்களின் சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், வார இறுதியில் சர்வரை நிறுத்திவிட்டுப் போகும், அங்கெல்லாம் நான் காணும் ஒரு பழக்கத்தைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

துறைமுகத்தை நம்பித் தொழில் நடத்தும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில், ஒரு டிஸ்க் பழுதானாலும் தகவல் அழியாதபடி பல டிஸ்க்குகளில் பகிர்ந்து வைக்கும் ரெய்டு 5 முறையில் இணைத்திருந்த நான்கு ஹார்டு டிஸ்க்குகளில் ஒன்று பழுதானது. புதிய டிஸ்க்கைப் பொருத்தி, மற்ற டிஸ்க்குகளைப் படித்து அதில் தகவலை மீண்டும் உருவாக்கும் ரீபில்டு வேலையைத் தொடங்கினோம். பாதி தாண்டியதும், நல்ல நிலையில் இருப்பதாக நம்பியிருந்த மற்றொரு டிஸ்க்கில், பல ஆண்டுகளாக யாரும் திறந்தே பார்க்காத பழைய பில்கள் இருந்த இடத்தில் படிக்க முடியாத சிறு பகுதி (பேட் செக்டர்) குறுக்கிட, ரீபில்டு நின்றுபோனது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்களைக் காட்டும் 5ஆம் எண்ணுக்கு நேரே பூஜ்யம்தான் இருந்தது. பலரும் அதைப் பார்த்ததோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 197ஆம் எண்ணுக்கு நேரே 8 என்று இருந்ததை நானும் அன்றுதான் கவனித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்க முடியாமல் போன செக்டர்கள் அந்தக் கணக்கில்தான் காத்திருக்கும். அதே இடத்தில் புதிதாக எழுதும்போதுதான் டிஸ்க் அதை ஒதுக்கி, மாற்று செக்டரைத் தரும்.

இத்தகைய செக்டர்களை முன்கூட்டியே கண்டறிய, டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு கடந்ததும் ரெய்டு முழுவதையும் தானாகவே படித்துச் சரிபார்க்கும். மின்கட்டணத்துக்கு அஞ்சிச் சனிக்கிழமை மாலையே சர்வரை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போகும் அலுவலகத்தில் அந்தச் சோதனை எப்படி நடக்கும்?

பழுதான டிஸ்க்கின் மீதே சரிசெய்யும் மென்பொருளை ஓட்டுவதும் தவறு. நாங்கள் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு, படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, தொல்லை தரும் இடங்களைக் கடைசியில் முயன்றோம். சில பில்கள் தவிர மற்றவை மீண்டன.

ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். பேக்கப் எடுப்பவர்களும் அந்த டிஸ்க்கைச் சர்வருக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்ததை வடசென்னைக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அந்த அலுவலகத்தில் இப்போது சர்வரை நிறுத்துவதில்லை. பேக்கப் டிஸ்க் வாரந்தோறும் உரிமையாளரின் வீட்டு மாடிக்குப் போய்விடுகிறது.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.