பானைக்குள் வான்கோழி எதற்கு? பயிற்சித்தாள் தயாரிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். போன டிசம்பரில், விடுமுறைக்கு முன் ஆங்கில நினைவாற்றல் விளையாட்டு என்று படஅட்டைகள் வந்தன. பத்துப் படங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு. கவிழ்த்து வைத்து ஜோடி சேர்க்க வேண்டும். நல்ல விளையாட்டுதான். ஆனால் படங்களில் இருந்தவை வான்கோழி, கிரான்பெரி, பம்ப்கின் பை என்னும் பூசணிப் பலகாரம். தோகை விரித்த வான்கோழியைப் பார்த்து, "மயிலை யாராவது சாப்பிடுவாங்களா டீச்சர்?" என்றான் ஒருவன். கிரான்பெரியை இலந்தைப்பழம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அதைக் கண்ணால் கண்டதில்லை, அதனால் வாதாடவில்லை.

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நவிலும் நாள்; அட்டைகளில் இருந்தவை அந்த நாளின் விருந்துப் பண்டங்கள். அந்தச் சாப்பாட்டின் ருசி தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த அட்டைகள் பொருந்தும். எங்கள் பிள்ளைகளோ தெரியாத பண்டத்தையும் தெரியாத சொல்லையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது.

பொங்கல் முடிந்து வந்ததும் நடுவில் ஒரு காலிப் பானையை வைத்து வட்டமாக உட்கார்ந்தோம். முதல் பிள்ளை "ஐ புட் சம் ரைஸ் இன் த பாட்" என்றது. அடுத்தது அதையும் சொல்லிப் பாலைச் சேர்த்தது. பருப்பு, வெல்லம், நெய், முந்திரி, திராட்சை என்று பானை நிறைந்தது. பெரியவர்களுக்கே சட்டென்று நினைவில் நிற்பது ஏழு உருப்படிதான், இரண்டு கூடலாம், குறையலாம் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். எங்கள் வட்டம் எட்டைத் தாண்டியது. காரணம், அவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்யவில்லை. வீட்டில் பொங்கல் வைக்கும் வரிசையைத்தான் சொன்னார்கள். பருப்புக்கு முன் வெல்லத்தைச் சொன்னவனிடம் ஒரு பெண், "அரிசியே வேகாதுடா!" என்று சண்டைக்குப் போனாள். அவள் சொன்னதுதான் சரி.

இலக்கணமும் இதிலேயே வந்துவிடுகிறது. பானைக்குள் போனதெல்லாம் 'சம்'. அப்புறம் பானைக்குப் பதில் சந்தை என்று விளையாடினால், ஒன்றொன்றாக எண்ணி வாங்குபவைக்கு 'எ கோகனட்', 'ஆன் ஆரஞ்ச்'. கரும்பை எண்ண முடியுமே, அதற்கு ஏன் 'எ' வராது என்று கேட்பார்கள். அப்போது 'எ ஸ்டிக் ஆஃப் ஷுகர்கேன்' சொல்லித் தரலாம். (வெல்லத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஜாகரி என்ற சொல்லே நம் பக்கத்துச் சர்க்கரைதான்; மலையாளக் கரையிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.) ரமலான் வந்தால் பானையில் நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸுக்கு கேக். விளையாட்டு அதேதான்.

ஒன்றே ஒன்று. "விடுமுறையில் என்ன சாப்பிட்டாய்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து அச்சிடாதீர்கள். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் கிடையாது. பெற்றோர் வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போய், பாட்டியோடு இருந்த பிள்ளையும் என் வகுப்பில் உண்டு. பானையில் என்ன போடலாம் என்றால் எல்லோருக்கும் பதில் இருக்கும்.

ஆகவே அடுத்த முறை இருபது வெற்று அட்டைகளை அனுப்புங்கள், படத்தைப் பிள்ளைகளே வரைந்துகொள்வார்கள். அட்டை மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். போன முறை வந்தது மெல்லிய தாள், வெளிச்சத்தில் படம் பின்பக்கம் தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களே எல்லா ஜோடிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இப்படிக்கு,
ஓர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை