வெள்ளவத்தையிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நாலு ஞாயிறாக உன் ஃபோன் வரவில்லை. வேலை கூட என்று மருமகள் சொன்னா, சரி. நேரத்துக்குச் சாப்பிடு, இரவிரவாக அந்த ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்காதே. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால்தான், மாமியின் வளவு விஷயம் அப்படியே கிடக்கிறது.

பங்குனியில் நீ கேட்டாயே, வளர்ந்துவரும் நாடுகளின் பங்குகளில் இப்போது காசு போடலாமா என்று. நான் பேச்சை மாற்றிவிட்டேன். கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன், காலிமுகத்திடலில் என்னோடு நடக்க வாறவர்களிடம் அதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேள். அந்தப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபண்டை வாங்கினால் உலகத்தில் பாதியை வாங்கிவிட்டதாக நினைக்காதே, அந்தப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் எம்எஸ்சிஐ சுட்டெண்ணில் பெரும்பங்கு சீனா, தாய்வான், இந்தியா, தென்கொரியா நாலுக்கும்தான். 2007 இல் தொட்ட உச்சத்தை அது திரும்பத் தாண்ட 2021 ஆகிவிட்டது. 13 வருஷம், தம்பி. அமெரிக்காவில் வட்டி ஏறினால் காசு அந்தப் பக்கம் ஓடும், டொலர் ஏறும், இந்த நாடுகளின் நாணயம் இறங்கும், பங்கு விலை அசையாமல் நின்றாலும் உன் கைக்கு வருவது குறையும்.

போடவேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நாடுகளில் உழைப்பு இருக்கிறது, சனம் இருக்கிறது, வளரத்தான் போகின்றன. 10 வருஷம் தேவைப்படாத காசு என்றால் போடு. வீடு வாங்கச் சேர்த்த காசைத் தொடாதே. எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன். வீட்டுக் காசைத் தொடாதே. சொல்லாமல் கொள்ளாமல் செய்யும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது?

என்னிடமிருந்துதான். 2022 தை மாதம் கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் 13,000 ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் காப்புச் சோடியை அடைவு வைத்துப் பங்கு வாங்கினேன். சித்திரையில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடு கையை விரித்தது, சந்தையை ஒரு கிழமை பூட்டினார்கள், 200 ரூபாய் டொலர் வைகாசியில் 360 ஐத் தொட்டது. என் பங்குகள் பாதிக்கும் கீழே. சந்தை பிறகு அந்த உச்சத்தையும் தாண்டிப் போனது, ஆனால் நான் நிற்கவில்லை, அடைவுக்கு வட்டி ஏற ஏற அடிவிலைக்கே விற்றேன், அதுவும் போதாமல் காப்பு ஏலத்தில் போய்விட்டது. அடைவுத் துண்டு இன்னும் என் பேர்ஸில் இருக்கிறது, மடிப்பில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. காப்பு பாங்க் லொக்கரில் இருக்கிறது என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா.

அந்த வருஷம் மாதக்கணக்காக நான் உனக்கு ஃபோன் எடுக்கவில்லை. பவர் கட் என்று சொன்னேன். அது பவர் கட் இல்லை, தம்பி.

வாற ஞாயிறு நானே எடுக்கிறேன், உங்களுக்குக் காலை ஒன்பது மணி. அம்மா அந்த நேரம் கோயிலில் இருப்பா.

அப்பா