வருஷத்துக்கு ஒரு செல் தின்னும் டைமர்கள்

மன்னார்குடி,
ஐப்பசி

அன்புள்ள செல்வம்,

கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே மூன்று நாளாக விட்டு விட்டு மழை. நடவு முடிந்த சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கிறது, வடிந்துவிட்டால் பயிர் தேறிக்கொள்ளும். வேதாரண்யம் பக்கம் உப்பளங்களில் இந்நேரம் வேலை நின்றிருக்கும்.

மோட்டாரை நேரம் பார்த்து ஆன், ஆஃப் செய்யும் பம்புசெட் டைமர் போர்டு பத்தும் 'டைம் தப்புது' என்று திரும்பி வந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் புது பட்டன் செல் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. போன ஐப்பசியில் போட்ட செல் இந்த ஐப்பசிக்குள் தீர்ந்துவிட்டது என்றால் குற்றம் செல்லில் இல்லை. போர்டில் எங்கோ கசிகிறது. புது செல்லும் அதே வழியில்தான் போகும்.

கணக்கைப் பார். உன் போர்டில் இருப்பது டிஎஸ்1307, கரண்ட் இல்லாதபோதும் செல்லில் ஓடி நேரம் காக்கும் கடிகாரச் சிப். செல்லில் ஓடும்போது அது குடிப்பது அதிகபட்சம் 0.5 மைக்ரோ ஆம்பியர். நீ போடும் பட்டன் செல்லான சிஆர்2032இல் ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது. வகுத்தால் 50 வருஷம் வரும். அவ்வளவு நாள் அந்தச் செல்லே தாங்காது என்பது வேறு விஷயம். ஆனால் செல்லின் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ் பக்கத்துக்கும்) நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்து 1 லட்சம் ஓம் அளவுக்கு ஒரு பாதை போட்டுவிட்டால், அதன் வழியாக மட்டும் 30 மைக்ரோ ஆம்பியர் போகும். அதே செல் பத்து மாதத்தில் காலி. கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் (சால்டர் பசை), செல் போட்டவரின் விரல் வியர்வை, கொட்டகைக்குள் வரும் கடல் காற்று, பெட்டிக்குள் குடியேறிய எறும்பு, பல்லி எச்சம் எல்லாம் சேர்ந்து போடுகிற பாதை அது. கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரின் பெரிய ஆம்பியர் ரேஞ்சில் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது.

இப்படி அளந்து பார். செல் பிளஸ்ஸுக்கும் ஹோல்டருக்கும் நடுவில் பால் கவர் துண்டு ஒன்றைச் செருகு. அதன் இரண்டு பக்கத்தையும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் இணை. பிறகு போர்டுக்கு கரண்ட் கொடுத்து டைமை செட் செய். கரண்டை நிறுத்திவிட்டு, ரெசிஸ்டரின் இரு முனைக்கும் குறுக்கே 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் பார். 5 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் போர்டு சுத்தம். 20ஐத் தாண்டினால் கசிவைத் தேடு. 300 காட்டினால், ரேஞ்சை ஏற்றித்தான் பார்க்க வேண்டியிருக்கும், அதுதான் மேலே சொன்ன பத்து மாதக் கேஸ். டைம் செட் செய்யும் படியை மட்டும் விட்டுவிடாதே. செல்லும் மெயினும் இரண்டுமே இல்லாமல் போய்த் திரும்ப வந்தால் இந்தச் சிப் கடிகாரத்தை நிறுத்தி வைத்தபடிதான் விழிக்கும். சிப்புக்குள் நொடியைக் குறித்து வைக்கும் இடமான நொடி ரெஜிஸ்டரின் மேல் பிட் 1 ஆகிவிடும். நின்ற கடிகாரம் கிட்டத்தட்ட ஒன்றும் குடிக்காது, அளவு உன்னை ஏமாற்றும். கடிகாரம் ஒரே இடத்தில் உறைந்து நிற்கிறது என்று வந்த இரண்டு போர்டுக்கும் காரணம் இந்தப் பிட்டாக இருக்கலாம். ஒரு தடவை செட் செய்தால் ஓடும்.

கசிவு இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். செல் ஹோல்டரின் அடியையும், சிப்பின் 1, 2, 3 கால்களையும் விடாமல் தேய்த்துக் கழுவு. 1, 2 கடிகாரத்துக்குத் துடிப்பு கொடுக்கும் கிறிஸ்டலுக்கு, 3 செல்லுக்கு. நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி அளந்துவிட்டு, அதற்குப் பிறகே அக்ரிலிக் கோட்டிங் அடி. ஈரத்தோடு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும். ஹோல்டரின் தகடுகளில் கோட்டிங் படக்கூடாது. செல்லை விளிம்பைப் பிடித்துப் போடு. கழற்றிய செல்லை மேஜையில் விடாதே. 20 மில்லிமீட்டர் வட்டம், குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும்.

நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது என்று வந்தவை வேறு ரகம். அதற்கும் செல்லுக்கும் சம்பந்தமில்லை. கிறிஸ்டல் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதை இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் ஒன்று, அதுதான் சிப்புக்கு ஒரு நொடி. 25 டிகிரியில்தான் அது சரியாக ஓடும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 60 டிகிரி ஆனால், அந்தச் சூட்டிலேயே முழுநாளும் இருந்தால் நாளுக்கு மூன்றரை நொடி போகும். மோட்டாருக்கு இது பெரிய விஷயமில்லை. நாளுக்கு அரை நிமிஷம் போகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். இந்தச் சிப்புக்கு 12.5 பிக்கோஃபாரட் லோடு கெபாசிட்டன்ஸுக்கு ஏற்ற கிறிஸ்டல் வேண்டும். யாராவது 6 பிக்கோஃபாரட் போட்டிருந்தால் மெதுவாகத்தான் ஓடும். மைக்ரோகண்ட்ரோலர் பழக்கத்தில் பக்கத்தில் இரண்டு 22 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் வைத்திருந்தால் கழற்றிவிடு. தேவையானது சிப்புக்குள்ளேயே இருக்கிறது. கிறிஸ்டல் காலில் புரோப் வைத்துச் சோதிக்காதே, வைத்த மாத்திரத்தில் நின்றுவிடலாம். அதற்குப் பதிலாக, 07 ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 10 எழுதினால் 7ஆம் காலில் நொடிக்கு ஒரு துடிப்பு வரும். அந்தக் கால் ஓப்பன் டிரெயின், தானாக வோல்ட்டை மேலே ஏற்றாது. 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்க ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-அப்) வேண்டும்.

திரையில் 165:165 என்று வந்த போர்டைப் பற்றி எழுதியிருந்தாய். அது நேரமே இல்லை. சிப் பதில் சொல்லாதபோது டேட்டா லைனில் எல்லா பிட்டும் 1ஆக நிற்கிறது. அதை பிசிடி (ஒவ்வொரு இலக்கத்தையும் நான்கு பிட்டில் வைக்கும் முறை) என்று நினைத்துப் படித்தால் 15 பத்தும் 15 ஒன்றும் சேர்ந்து 165. சப்ளை, செல் வோல்ட்டேஜில் 1.25 மடங்குக்குக் கீழே இறங்கினால் இந்தச் சிப் வாயை மூடிக்கொள்ளும். 3 வோல்ட் செல்லுக்கு 3.75. கடைக்கோடி டிரான்ஸ்ஃபார்மரில் லைன் 160 வோல்ட்டுக்கு இறங்கி, 5 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டரான 7805க்குப் போதாமல் போனால் இப்படி ஆகும். அதே ஹோல்டரில் சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 போட்டிருந்தாலும் ஆகும். 4.2 வோல்ட்டில் 1.25 மடங்கு 5.25, சப்ளையோ 5தான். அந்தச் செல்லை எடுத்துவிடு, இந்தச் சிப்புக்கு 3.5 வோல்ட்தான் எல்லை.

செல்லுக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் போடலாமா என்ற கேள்விக்கு, உங்கள் ஊருக்கு வேண்டாம் என்பேன். 0.1 ஃபாரட், 3 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்க, கசிவே இல்லை என்று வைத்தாலும் இரண்டேகால் நாள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு உங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை வாரம் கரண்ட் இல்லை என்று உனக்கே தெரியும். நல்ல செல் அதைப் பொருட்படுத்தாது.

டிஎஸ்3231 என்ற வேறு கடிகாரச் சிப்புக்கு மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனி. சிப்பைக் கூப்பிடும் முகவரி அதே ஹெக்ஸ் 68, நேர ரெஜிஸ்டர்களும் அதே இடம். ஆனால் 1307இல் இருக்கும் 56 பைட் நினைவகம் அதில் கிடையாது. மோட்டார் ஆன், ஆஃப் நேரங்களை அங்கே வைத்திருக்கும் போர்டு என்றால் மாற்ற முடியாது. கரண்ட் இல்லாதபோது செல்லைக் கழற்றினாலும் அந்த நேரங்கள் அழிந்துபோகும், முதலில் தாளில் எழுதிக்கொள். கடையில் விற்கும் ரெடிமேட் 3231 மாட்யூல் பலவற்றில் செல்லை சார்ஜ் செய்ய ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். சிஆர்2032 போடுவதாக இருந்தால் அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். சார்ஜ் ஏறக்கூடாத செல் அது, உப்பி வெடிக்கக்கூடும்.

பத்து போர்டிலும் கழுவுவதற்கு முன்பும் பின்பும் எத்தனை மில்லிவோல்ட் வந்தது என்று எழுது. கடற்கரைக் கொட்டகையிலிருந்து வந்தவற்றைத் தனியாகக் குறி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி