மயில்கழுத்து எந்த நூலில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மேலைத் தத்துவங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஃபினாமினலிசத்துக்கு, அதாவது பொருள் என்பது நமக்குத் தெரியும் தோற்றங்களின் கோவையே என்னும் தோற்றவாதத்துக்கு, ஒரு சிறு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். உலகம் வெறும் மாயை என்று தத்துவவாதி பெர்க்லி சொன்னார், சங்கரர் சொன்னதும் இதேதான், ஆங்கில எழுத்தாளர் ஜான்சன் ஒரு கல்லை உதைத்து இதற்கு முடிவு கட்டினார் என்று அதில் இருந்தது. மூன்றுமே சரியில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பக்கம் அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தத்துவப் பேராசிரியர் இல்லை. 1970களில் பி.ஏ. தத்துவம் படித்தேன். வேலை கிடைத்தது கும்பகோணத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில். 36 வருஷம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து புடவை பிரித்துக் காட்டினேன். கல்லூரியில் பாதி புரிந்த இந்தக் கொள்கை, மீதி புரிந்தது கடையில்தான்.

பட்டு எடுக்க வருகிறவர்கள் ட்யூப்லைட் வெளிச்சத்தை நம்பி பில் போடச் சொல்ல மாட்டார்கள். “கொஞ்சம் வாசல்ல வச்சுப் பாத்துடறோமே” என்பார்கள். நானே புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவேன். உள்ளே பழுப்பாகக் கிடந்த அரக்கு, வெயில் பட்டதும் சிவந்து எழும்பும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் இன்னொரு மாதிரி இருக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன். இதில் பொய்க் கலர் என்று ஒன்றைக் காட்ட முடியுமா? இந்த வெளிச்சத்தில் இப்படித் தெரியும், அந்த வெளிச்சத்தில் அப்படித் தெரியும் என்ற அந்த ஒழுங்கு முழுவதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் ‘அரக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மயில்கழுத்து நிறம் இன்னும் தெளிவான பாடம். பாவில், அதாவது நீள நூலில், நீலம்; ஊடையில், அதாவது குறுக்கு நூலில், பச்சை. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நீல நூல் இருக்கும், பச்சை நூல் இருக்கும், மயில்கழுத்து இருக்காது. லென்ஸை எடுத்தால் வந்துவிடும். மடிப்பை இப்படிச் சாய்த்தால் பச்சை தூக்கும், அப்படிச் சாய்த்தால் நீலம் தூக்கும். கிரேக்கச் சந்தேகவாதிகள் இதே காரியத்துக்குப் புறாவின் கழுத்தைக் காட்டினார்கள். பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டுகிறதே, அதன் சொந்த நிறம் எது என்று கேட்டார்கள். தெரியாது என்று சந்தேகவாதி கைவிரிப்பார். தோற்றவாதி கைவிரிக்க மாட்டார். இத்தனை தோற்றங்களும் ஒரு முறைப்படி கோத்து வருகின்றனவே, அந்தக் கோவைக்குத்தான் ‘பொருள்’ என்று பெயர், அதற்குப் பின்னால் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இன்னொரு சரக்கு ஒளிந்திருப்பதாக நினைக்க வேண்டியதில்லை என்பார்.

அயர்லாந்துக்காரரான பெர்க்லி 1710இல் தம் நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 25. நான் கண்ணால் காணும், கையால் தொடும் பொருள்கள் உண்மையாகவே இருக்கின்றன, அதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை என்று அந்த நூலிலேயே எழுதியிருக்கிறார். அவர் மறுத்தது ஒன்றே ஒன்று: யார் அனுபவத்துக்கும் எட்டாமல் அடியில் கிடப்பதாகத் தத்துவவாதிகள் சொல்லிவந்த ‘சடப்பொருள்’. என் மேஜை இருக்கிறது என்றால் அதைப் பார்க்கிறேன், தொடுகிறேன் என்று அர்த்தம். நான் அறையில் இல்லாதபோதும் இருக்கிறது என்றால், அறைக்குள் போனால் காண்பேன், அல்லது வேறோர் ஆன்மா அதைக் காண்கிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் அவர் சொன்னது. உலகம் பொய் என்ற சொல் இதில் எங்கே இருக்கிறது? மனிதர் யாரும் பார்க்காதபோது பொருளைத் தாங்குவதற்கு அவருக்குக் கடவுள் இருந்தார்.

கடவுளை விலக்கிவிட்டு அதே வேலையைச் செய்தவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். இவரைக் கட்டுரையில் விட்டுவிட்டீர்களே என்பதுதான் எனக்கு உள்ளபடியே வருத்தம், ஏனென்றால் ஃபினாமினலிசத்தை முழு உருவத்தில் தந்தவர் அவர்தான். 1823 முதல் 1858 வரை 35 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தியாவுக்குக் கடிதம் வரைந்தவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அவர் 1865இல் எழுதிய நூலில் எடுத்துக்கொண்ட உதாரணம் கல்கத்தா. அவர் சொல்வது இது: நான் கல்கத்தாவைப் பார்த்ததில்லை, ஆனாலும் அது இருக்கிறது என்று நம்புகிறேன். அங்கே இருக்கும் அத்தனை பேரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனாலும் அது இருக்கும் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? இந்த நிமிஷம் என்னைத் தூக்கி ஹூக்ளிக் கரையில் வைத்தால், கல்கத்தா இங்கே இருக்கிறது என்று சொல்லவைக்கும் காட்சிகளும் ஓசைகளும் எனக்குக் கிடைக்கும் என்பதுதான் இருக்கிறது. பொருள் என்பது புலனுணர்வுக்கான நிலையான வாய்ப்பு என்று இதைச் சுருக்கினார். தான் காணாத ஓர் ஊரோடு வாழ்நாளில் பாதியைக் கழித்தவர் இப்படி யோசித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஜான்சன் விஷயத்துக்கு வருகிறேன். 1763இல் ஹார்விச் ஊரில், மாதா கோயிலை விட்டு வெளியே வந்தபோது, பெரிய கல் ஒன்றை ஓங்கி உதைத்து, இதோ மறுத்துவிட்டேன் என்றார். பக்கத்தில் இருந்த அவர் நண்பர் பாஸ்வெல் எழுதிவைத்திருக்கிறார். உதைத்தபோது அவருக்குக் கிடைத்தது என்ன? காலில் இடித்த கடினம், வலி, கண்முன் கல்லின் உருவம். எல்லாம் அனுபவங்கள். உதைத்தால் வலிக்கும் என்பதைப் பெர்க்லி என்றைக்கு மறுத்தார்?

சங்கரரை இதில் இழுத்ததைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. புறத்தே பொருள் இல்லை, அறிவு மட்டுமே உண்டு என்ற விஞ்ஞானவாத பௌத்தர்களை அவர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் கடுமையாக மறுக்கிறார். தூணையும் சுவரையும் காண்கிறவர் யாரும் தன் அறிவைத்தான் தூண் என்றும் சுவர் என்றும் காண்பதில்லை, அறிவுக்கு விஷயமான பொருளாகவே காண்கிறார் என்கிறார். வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு, அந்தத் திருப்தியையும் அனுபவித்துக்கொண்டே, நான் சாப்பிடவும் இல்லை, திருப்தியும் இல்லை என்று ஒருவன் சொல்வதுபோல இருக்கிறது உங்கள் பேச்சு என்று கேட்கிறார். பெர்க்லிக்குப் பக்கத்தில் யாரையாவது உட்கார வைக்க வேண்டுமென்றால் அந்த விஞ்ஞானவாதிகளை வைக்கலாம்.

குழப்பத்துக்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம். தோற்றவாதம் என்றதும் ‘வெறும் தோற்றம்’ என்று காதில் விழுகிறது. ஆனால் தமிழில் தோற்றம் என்றால் பொய் என்று யார் சொன்னது? உங்கள் பத்திரிகையிலேயே நினைவஞ்சலி விளம்பரங்களில் படத்துக்கு ஒரு பக்கம் ‘தோற்றம்’, மறுபக்கம் ‘மறைவு’ என்று தேதி போடுகிறீர்கள். அந்த மனிதர் பொய்யாக வாழ்ந்தார் என்று எந்த வீட்டாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வளவு பரிந்து பேசுவதால் நான் இந்தக் கொள்கையை முழுதாக ஏற்றவன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாதம் முன்பு எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. இடது கையால் இடது கண்ணைப் பொத்தினேன்: பளீரென்ற வெள்ளை, ஓரத்தில் லேசான நீலம். வலதைப் பொத்தினேன்: கோரா துணி மாதிரி மங்கல் மஞ்சள். ஒரே வேட்டி, ஒரே வெயில். சில வருஷமாகவே சொட்டு நீலம் போதவில்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளையாகத்தானே இருக்கிறது என்பாள். அவள் பார்த்ததுதான் சரி. கலர் பார்த்தே சம்பளம் வாங்கியவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடையில் கடைசி வருஷங்களில் எத்தனை பேருக்கு எந்த நீலத்தை எடுத்துக்கொடுத்தேனோ என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எது நிஜ வெள்ளை என்று கேட்டால் தோற்றவாதி பதில் வைத்திருப்பார்: மற்றவர்கள் காண்பதோடும், நீ மற்ற நேரங்களில் காண்பதோடும் ஒத்துப்போவது எதுவோ அது. நல்ல பதில். ஆனால் ஏன் மஞ்சளாகத் தெரிந்தது என்று கேட்டால், என் கண்ணுக்குள் பழுப்பேறிய ஒரு லென்ஸை நான் சொல்லியாக வேண்டும். நான் ஒருநாளும் காணாத பொருள் அது. கண்டதையெல்லாம் அதன் வழியாகவே கண்டேன். டாக்டர் பார்த்தால் தெரியும், ஆகவே அதுவும் ஒரு வாய்ப்புதான் என்று மில் சொல்வார். அந்த டாக்டரின் கண்ணும் அவர் விளக்கும் சரியாக இருந்தால் என்று உடனே சேர்க்க வேண்டும். கண், விளக்கு, இவை பொருள்கள் அல்லவா? பொருளைப் பற்றிய வாக்கியங்களை எல்லாம் அனுபவம் பற்றிய வாக்கியங்களாக மாற்றிவிடலாம் என்று 1936இல் ஆங்கிலத் தத்துவவாதி ஏயர் எழுதினார். 1948இல் அமெரிக்கத் தத்துவவாதி சிஸம் இந்த இடத்தில்தான் கை வைத்தார். ‘இது சிவப்பு’ என்பதிலிருந்து மட்டும் ‘இது சிவப்பாகத் தெரியும்’ என்று வராது, வெளிச்சத்தையும் பார்ப்பவரின் நிலையையும் சேர்க்க வேண்டும், அவற்றையும் அனுபவமாக மாற்றப் போனால் அங்கேயும் இதே கேள்வி நிற்கும். வாசலுக்குக் கொண்டுபோனால்தான் அரக்கு தெரியும் என்றால், முதலில் வாசல் என்று ஒன்று வேண்டும். கொள்கை தடுக்கிய கல் இது, ஹார்விச்சில் கிடந்த கல் இல்லை.

மனம் விஷயத்தில் மில் தாமே ஒப்புக்கொண்டதும் உண்டு. மனம் என்பது உணர்வுகளின் வரிசை என்றால், அந்த வரிசை தன்னை ஒரு வரிசையாக எப்படி அறிகிறது? இதற்கு விளக்கம் இல்லை என்று எழுதினார். அந்த நேர்மைக்காகவாவது அவருக்கு உங்கள் பக்கத்தில் இடம் வேண்டும். வரும் ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். அதன்பின் இரண்டு வெள்ளையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை. அதற்குள் கடைக்குப் போய் மயில்கழுத்தில் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, ஒரு கண் மாற்றி ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக்கடை விற்பனையாளர்,
கும்பகோணம்.